கரியும் ஒளிரும்

தொண்ணூறுகளின் முற்பாதியில் யாழ்ப்பாணத்திற் படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயோ ஆனை விலை. போத்தலின் அடியிற் சிறிதளவு எண்ணெய், அதிலே தோய்ந்த ஒரு திரி, அதன் சுடரைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள். அந்த வெளிச்சத்திலேதான் நாங்கள் கணிதமும் பௌதிகமும் படித்தோம். காலையில் முகங் கழுவும்போது மூக்கினுள்ளே கரி படிந்திருக்கும். போத்தலின் வாயிலும் கரி, கொப்பியின் ஓரத்திலும் கரி. சுடர் ஒளியைத் தருவது, கரி ஒளியைக் கெடுப்பது என்ற எண்ணம் அன்றே என் மனத்தில் வேரூன்றிவிட்டது.

பின்னர் நானும் ஆசிரியனானேன். உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம்: “கரி தன்மேல் விழும் ஒளியை விழுங்கும், திருப்பித் தராது.” பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வாக்கியத்தை எவரும் மறுத்ததில்லை.

மாணவன் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு ஒருநாட் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், கரியினாலான மெல்லிய குழாய்கள் ஒளி வீசுகின்றன என்று வாசித்தேன். நீங்கள் எழுதியது சரியா, நான் வாசித்தது சரியா?” என்று கேட்டான்.

“சூடேறினாற் கரியும் ஒளிருந்தான். விளக்குச் சுடரின் மஞ்சள் நிறமே சூடேறிய கரித் துணிக்கைகளின் ஒளிதானே?” என்றேன்.

“சூடாக்காமலே ஒளிர்கிறதாம், சேர். தண்ணீரில் இருக்கும்போதே ஒளிர்கிறதாம்.”

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. “பரீட்சைக்கு வராததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே” என்று அவனை இருத்திவிட்டேன். வகுப்புச் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் முன்னிருந்து நாம் கேட்ட கேள்விகளையெல்லாம் பொறுமையோடு ஏற்ற என் ஆசிரியர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. மறுநாள் முதற்கொண்டு சில வாரங்களாக நூலகத்திலும் கணினியிலும் தேடிப் படித்தேன். நான் அறிந்துகொண்டவற்றை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

சுருட்டிய பாய்

கரி, வைரம், பென்சிலின் உள்ளே இருக்கும் காரீயம் ஆகிய மூன்றும் காபன் என்னும் ஒரே மூலகத்தின் வெவ்வேறு வடிவங்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நம் நாட்டிற் போகலச் சுரங்கத்திலும் கஹட்டகஹச் சுரங்கத்திலும் தோண்டியெடுக்கப்படும் காரீயம் உலகிற் பெயர்பெற்றது. காரீயத்தின் அமைப்பை நோக்கினால், காபன் அணுக்கள் தேனடையின் அறைகளைப்போல் அறுகோணங்களாகப் பிணைந்து தட்டையான படலங்களாக அமைந்திருத்தலைக் காணலாம். அத்தகைய படலங்கள் கோடிக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்காகப் பார்க்கும்போது கருமை. ஆனால் அவற்றுள் ஒரே ஒரு படலத்தைப் பிரித்தெடுத்தால், அது தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கை மாத்திரமே உறிஞ்சும். எஞ்சியது ஏறத்தாழ முழுவதும் ஊடுருவிச் சென்றுவிடும். கரியென்று நாம் சொல்லும் பொருளின் ஒற்றைப் படலம் கண்ணாடியைப்போல் தெளிவானது என்பதே நான் அறிந்துகொண்ட முதல் விந்தை.

இந்தப் படலத்தை ஒரு புற்பாயாகக் கற்பனை செய்துகொள்வோம். பாயைச் சுருட்டி இரு விளிம்புகளையும் தையலின்றிப் பொருத்திவிட்டால் ஒரு குழாய் கிடைக்கும். இதுவே காபன் நனோக்குழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அவற்றில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்போ 50,000 முதல் 100,000 நனோமீற்றர் வரை இருக்கும். குழாயின் நீளம் மாத்திரம் அதன் விட்டத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்திருக்கலாம்.

மயிர்போன்ற காபன் குழாய்களின் படங்களை 1952ஆம் ஆண்டிலேயே றாதுஷ்கேவிச், லுக்கியானோவிச் என்னும் சோவியத் அறிஞர் இருவர் வெளியிட்டிருந்தனர். அது ருஷிய மொழியில் வெளிவந்தமையால் மேலைநாட்டார் பெரிதும் கவனிக்கவில்லை. 1991ஆம் ஆண்டில் யப்பானின் சுக்குபா நகரிலுள்ள என்.ஈ.சி. நிறுவன ஆய்வுகூடத்தில், சுமியோ ஈஜிமா என்பவர் மின்வில்லின் முனையிற் படிந்திருந்த கரியை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்ட காபன் குழாய்களை அங்கே கண்டார். ஒற்றைச் சுவருடைய குழாய்களை அவரும், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்களும் 1993ஆம் ஆண்டில் ஒரே சமயத்தில் அறிவித்தனர். அதன் பின்னரே உலகெங்குமுள்ள ஆய்வுகூடங்களின் கவனம் இக்குழாய்கள்மீது திரும்பிற்று.

படிக்கட்டும் நிறமும்

மீண்டும் பாய்க்கு வருவோம். கோடு போட்ட பாயின் விளிம்புகளை நேருக்கு நேர் பொருத்திச் சுருட்டினாற் கோடுகள் வளையங்களாக அமையும். சற்றுச் சரித்துப் பொருத்தினால் அதே கோடுகள் புரிபுரியாகச் சுற்றிச் செல்லும். காபன் படலத்தையும் இவ்வாறு பலவிதமாகச் சுருட்டலாம். ஒவ்வொரு விதத்தையும் இரண்டு முழுவெண்களாற் குறிப்பது விஞ்ஞானிகளின் வழக்கம். தேனடையின் ஓரறையிலிருந்து புறப்பட்டு, ஒரு திசையில் இத்தனை அடி, மறு திசையில் இத்தனை அடி நடந்தால் சுருட்டிய குழாயிற் புறப்பட்ட இடத்துக்கே மீண்டுவிடுவோம் என்பதை அவ்வெண்கள் சொல்லும். உதாரணமாக ஆறு–ஐந்து என்பது ஒருவகைக் குழாயின் பெயர். அதன் விட்டம் முக்கால் நனோமீற்றரளவு.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் அடங்கியிருப்பதை 1992ஆம் ஆண்டில் யப்பானிலும் அமெரிக்காவிலுமுள்ள கோட்பாட்டு அறிஞர்கள் கணித்துக் கூறினர். அவர்களுள் ஒருவர், காபன் ஆராய்ச்சியின் அரசி எனப் போற்றப்பட்ட பேராசிரியை மில்ட்ரெட் ட்ரெசெல்ஹவுஸ் (1930–2017). இரண்டு எண்களின் வித்தியாசம் மூன்றால் மீதியின்றி வகுபடுமாயின் அக்குழாய் உலோகத்தைப்போல் நடந்துகொள்ளும். வகுபடாவிடின் அது குறைகடத்தி. பலவாறாகச் சுருண்ட குழாய்களின் கலவையில் மூன்றிலொரு பங்கு உலோகத் தன்மையும் மூன்றிலிரு பங்கு குறைகடத்தித் தன்மையும் கொண்டவை. அணுவும் ஒன்று, பிணைப்பும் ஒன்று. சுருட்டிய விதம் ஒன்றினாலேயே ஒரு பொருள் உலோகமாகவும் மற்றொன்று குறைகடத்தியாகவும் பிரிந்துவிடுகின்றது.

இதற்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு? வீணையின் தந்தியை நினைத்துப் பாருங்கள். தந்தியின் நீளத்திற்குப் பொருந்தும் அதிர்வுகள் மாத்திரமே அதில் நிலைக்கும். ஆகவேதான் ஒரு தந்தி குறித்த சுரத்தைத் தருகின்றது. இலத்திரனுக்கும் அலைத் தன்மை உண்டு. குழாயின் சுற்றளவைச் சுற்றிவரும் அலையின் தலையும் வாலும் பொருந்தினாலன்றி அது நிலைபெறாது. ஆகவே குழாயிலுள்ள இலத்திரன்களின் சக்தி சரிவான பாதைபோலன்றிப் படிக்கட்டுப்போல் அமைந்துவிடுகின்றது. இப்படிகளின் விளிம்பில் இலத்திரன் நிலைகள் கூட்டமாக நெருங்கி நிற்கும். பெல்ஜிய அறிஞர் வான் ஹோவ் 1953ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டிய கணித முடிவொன்றின்படி அமைந்த நெருக்கம் இது. ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குத் தாவுவதற்குச் சரியாகப் பொருந்திய நிறமுடைய ஒளியையே குழாய் விரும்பி உறிஞ்சும்.

சிறிய குழாயிற் படிகளின் உயரம் அதிகம். பெரிய குழாயிற் குறைவு. குறுகிய தந்தி உயர்ந்த சுரத்தை எழுப்புவது போன்றதே இதுவும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். குழாயின் நீளத்திசையில் அதிரும் ஒளியையே அது நன்கு உறிஞ்சும். குறுக்காக அதிரும் ஒளி பெரும்பாலும் பாதிப்பின்றிக் கடந்துவிடும். வானொலிக்கு நாம் கட்டும் அலைவாங்கிக் கம்பியும் தன் நீளத்திசையில் அதிரும் அலையையே நன்கு பிடிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

பத்தாண்டு இருள்

குறைகடத்திகள் பலவற்றில், ஒளியை உறிஞ்சி மேற்படிக்கு ஏறிய இலத்திரன் மீண்டும் இறங்கும்போது ஒளியை வெளிவிடுவது இயல்பு. ஆகவே குறைகடத்திக் குழாய்களும் ஒளிரவேண்டும். கோட்பாடு அவ்வாறே சொல்லிற்று. ஆனால் ஒற்றைச் சுவர்க் குழாய்கள் கண்டறியப்பட்டு ஏறக்குறைய பத்தாண்டுகளாகியும் அவற்றின் தெளிவான ஒளிர்வை எவராலும் காண முடியவில்லை. குழாய்கள் கரிய தூளாகவே இருந்தன. பள்ளியில் நான் எழுதிய வாக்கியத்துக்கு அந்தப் பத்தாண்டும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது எனலாம்.

தவறு கோட்பாட்டில் இல்லை. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்பு உடையவை. வைக்கோற் புரிபோல் பல குழாய்கள் சேர்ந்து கற்றைகளாகிவிடும். ஒவ்வொரு கற்றையிலும் உலோகத் தன்மையுள்ள குழாய் ஏதாவது கலந்தேயிருக்கும். குறைகடத்திக் குழாயொன்று ஒளியை உறிஞ்சி, அதை ஒளியாக வெளிவிடுமுன்னரே, அச்சக்தி பக்கத்திலுள்ள உலோகக் குழாய்க்குத் தாவி வெப்பமாகிக் கரைந்துவிடும். கூட்டத்தில் நின்றதனால் ஒவ்வொன்றின் ஒளியும் அணைந்துபோயிற்று.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள றைஸ் பல்கலைக்கழகத்தில் றிச்சட் ஸ்மோலி, புறூஸ் வைஸ்மன் ஆகியோரின் குழுவினர் இக்கற்றையைப் பிரிக்கும் வழியைக் கண்டனர். அவர்கள் கையாண்ட முறை நம் வீட்டுக் கிணற்றடியில் துணி தோய்ப்பதை நினைவூட்டுவது. சவர்க்காரத்தைப்போல் அழுக்கைச் சூழ்ந்து பிரிக்கும் பொருளொன்றை நீரிற் கரைத்து, அதிற் குழாய்த் தூளை இட்டனர். செவிக்குப் புலனாகாத ஒலியலைகளாற் கற்றைகளை உலுக்கினர். பிரிந்த குழாய் ஒவ்வொன்றையும் சவர்க்கார மூலக்கூறுகள் போர்வைபோற் சூழ்ந்துகொண்டன. பிரியாத கற்றைகள் சற்றே அடர்த்தி கூடியவை. புவியீர்ப்பைவிட இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட விசையோடு சுழலும் பொறியிலிட்டுச் சுழற்றவே, கற்றைகள் அடியிற் படிந்தன. தனித் தனிக் குழாய்கள் மேலே தங்கின.

அந்த மேல்நீரின்மீது ஒளியைப் பாய்ச்சியபோது குழாய்கள் ஒளிர்ந்தன. உறிஞ்சிய ஒளியில் ஆயிரத்திலொரு பங்கு அளவே திரும்பி வந்தது. அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிராக, 800 முதல் 1,600 நனோமீற்றர் வரையான அலைநீளங்களில் வந்தது. எனினும் கருவிகள் அதனைத் தெளிவாகக் கண்டுகொண்டன. கரி, சூடேறாமலே, நீரின் நடுவே, தன் சொந்த ஒளியை வீசிற்று. என் மாணவன் வாசித்தது இதைத்தான்.

அதே ஆண்டில் அக்குழுவினர், எந்த நிறத்தை உறிஞ்சி எந்த அலைநீளத்தை வெளிவிடுகின்றது என்பதைக்கொண்டு 33 வகைக் குழாய்களை இனங் கண்டனர். ஆறு–ஐந்து குழாய் ஏறத்தாழ 570 நனோமீற்றர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளியை உறிஞ்சி, ஏறத்தாழ 980 நனோமீற்றரில் ஒளிரும். மற்றொரு வகைக் குழாய்க்கு மற்றொரு சோடி எண்கள். மனிதருக்குக் கைரேகைபோல் ஒவ்வொரு குழாய்க்கும் அதன் ஒளியே அடையாளமாயிற்று.

கரியிற் பிறந்த வண்ணங்கள்

இனங் கண்டபின் பிரிக்க வேண்டாமா? 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹேர்சம் குழுவினர், மேலிருந்து கீழாக அடர்த்தி கூடிச் செல்லும் திரவமொன்றிற் குழாய்களை இட்டுச் சுழற்றினர். ஒவ்வொரு வகையும் தன் அடர்த்திக்கேற்ற மட்டத்திற் சென்று தங்கிற்று. சோதனைக் குழாயினுள்ளே வெவ்வேறு நிறப்பட்டைகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தோன்றின. 2011ஆம் ஆண்டில் யப்பானில் ஹிறோமிச்சி கத்தவுறாவும் அவர் தோழர்களும் கூழ்போன்ற பொருளினூடே வடியச் செய்து 13 வகைகளைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

ஆறு–ஐந்து வகை மாத்திரம் நிறைந்த நீர் ஊதா நிறமாகத் தெரியும். மஞ்சட்பச்சையை அது உறிஞ்சிவிடுவதால் எஞ்சிய நிறங்கள் சேர்ந்து ஊதாவாகின்றன. வேறு வகைகள் நீலமாகவும் பச்சையாகவும் தோன்றும். சாயம் எதுவும் இடவில்லை. கரித் தூளை வகைவகையாகப் பிரித்ததே அவர்கள் செய்த காரியம். எல்லா வண்ணங்களும் கலந்து நின்றபோது கறுப்பு. பிரிந்து நின்றபோது வானவில்.

ஆயினும் ஒரு புதிர் இருந்தது. எளிய கணிப்பின்படி இரண்டாம் படியின் சக்தி முதற்படியின் சக்தியைப்போல் இருமடங்காக இருக்கவேண்டும். அளந்து பார்த்தபோது அது இருமடங்குக்குக் குறைவாகவே வந்தது. 2005ஆம் ஆண்டில் இதற்கு விடை கிடைத்தது. இலத்திரன் தன் இடத்தை விட்டு எழும்போது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகும். ஒடுங்கிய குழாயினுள் இவ்விரண்டும் விலகி ஓட வழியின்றி, ஒன்றையொன்று ஈர்த்துச் சோடியாகவே வாழ்கின்றன. குழாய் உறிஞ்சுவதும் வெளிவிடுவதும் இச்சோடிகளின் ஒளியே. இதை நிறுவிய கொலம்பியாப் பல்கலைக்கழக அறிஞர்களுள் ஒருவரான லூயி புறஸ், நனோத் துணிக்கைகள் பற்றிய தம் வேறோர் ஆராய்ச்சிக்காக 2023ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவராவார்.

இராமன் காட்டிய வழி

ஒளியைக்கொண்டு குழாயை அறிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் பெயரைக் கேட்டதும் என் மனம் மகிழ்ந்தது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் கண்டறிந்த இராமன் விளைவே அது. ஒரே நிறமுள்ள ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது, அப்பொருளின் மூலக்கூறுகளின் அதிர்வினால் அவ்வொளியின் ஒரு சிறு பகுதி நிறம் சற்றே மாறித் திரும்பும். 1930ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசைப் பெற்றுக்கொடுத்த கண்டுபிடிப்பு இது.

நனோக்குழாய்க்கு ஒரு விசேட அதிர்வு உண்டு. மூச்சு வாங்கும் மார்பைப்போல் குழாய் முழுவதும் விரிந்து சுருங்கும். விஞ்ஞானிகளும் இதனை மூச்சதிர்வு என்றே அழைக்கின்றனர். சிறிய குழாய் விரைந்து மூச்சு விடும். பெரிய குழாய் ஆறுதலாக மூச்சு விடும். ஆகவே சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தை அளந்தாற் குழாயின் விட்டத்தைக் கணித்துவிடலாம். இன்று நனோக்குழாய் ஆராயும் இடங்களிலெல்லாம் இராமன் கருவி தவறாது இடம்பெறுகின்றது. இராமன் இறந்தது 1970ஆம் ஆண்டில். அவர் கண்ணால் ஒருபோதும் கண்டிராத ஒரு பொருளுக்கு அவர் கண்ட விளைவு அளவுகோலாகியிருக்கின்றது.

இருளினும் இருள்

இவ்வளவும் படித்தபின், “அப்படியானால் நான் எழுதிய வாக்கியம் முழுவதும் பொய்யா?” என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதுவும் இல்லை. நனோக்குழாய்களின் மறுபக்கம் இருளே.

குழாய்களைக் காடுபோல் நெருக்கமாக நிமிர்த்தி நாட்டினால், அக்காட்டின் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். ஆகவே உள்ளே நுழையும் ஒளி மேற்பரப்பிற் பட்டுத் தெறிப்பதில்லை. மரங்களுக்கிடையே வழிதவறிய மனிதனைப்போல் குழாய்களுக்கிடையே அலைந்து, ஒவ்வொரு குழாயிலும் சிறிது சிறிதாக உறிஞ்சப்பட்டு, ஈற்றில் வெப்பமாக மாறும். சாதாரணக் கறுப்புப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கைத் தெறிக்கவிடும். கேரளத்திற் பிறந்த புலிக்கல் அஜயனும் அவர் தோழர்களும் 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவித்த நனோக்குழாய்ப் பரப்பு நூற்றுக்கு 0.045 பங்கையே தெறித்தது. 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சறே நனோசிஸ்ரம்ஸ் நிறுவனம் வெளிப்படுத்திய வன்டாபிளாக் என்னும் பூச்சு நூற்றுக்கு 99.965 பங்கை உறிஞ்சிற்று. கசங்கிய உலோகத் தாளின்மேல் அதனைப் படியச் செய்தால், கசங்கலே கண்ணுக்குத் தெரியாமல், அவ்விடத்தில் ஓர் ஓட்டை விழுந்ததுபோற் தோன்றும். தொலைகாட்டிகளினுள்ளே வேண்டாத ஒளி தெறித்து, மங்கிய விண்மீன்களின் படத்தைக் கெடுக்காமற் தடுப்பதற்கு இத்தகைய கருமை உதவும்.

2019ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் அதனினும் கரிய பொருளொன்று பிறந்தது. அது தற்செயலாகப் பிறந்தது என்பது சுவையான செய்தி. அங்கே பிறையன் வார்டல் என்பவரின் குழுவினர் அலுமினியத் தாளின்மேற் குழாய்களை வளர்க்க முயன்றனர். அலுமினியத்தை மூடியிருக்கும் ஒட்சைட்டுப் படலம் இடையூறாக இருந்தது. அதனை நீக்கக் கையாண்டது நம் சமையலறையிலுள்ள உப்பின் கரைசலே. விளைந்த குழாய்க் காடு நூற்றுக்கு 99.995 பங்கு ஒளியை விழுங்கிற்று. இருபதாயிரத்தில் ஒரு பங்கே தப்பிற்று. டீமுட் ஸ்ட்றேபே என்னும் கலைஞர் அவர்களோடு சேர்ந்து, இருபது இலட்சம் டொலர் பெறுமதியான 16.78 கரற் மஞ்சள் வைரமொன்றை இக்கருமையால் மூடி, நியூயோர்க் பங்குச் சந்தையிற் காட்சிக்கு வைத்தார். சுடர்விடும் வைரம் இருந்த இடத்தில் வெறுமையே தெரிந்தது. வைரமும் காபன், அதை மறைத்த போர்வையும் காபன்.

நன்மையும் அச்சமும்

இவ்வளவு விந்தையினால் மக்களுக்கு என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். ரோச் வெளிச்சத்தை உள்ளங்கையின் கீழே பிடித்துப் பாருங்கள். விரல்களினூடே செந்நிறம் மாத்திரம் கசியும். நீலமும் பச்சையும் தசையினுள்ளும் குருதியினுள்ளும் அடங்கிவிடும். சிவப்பும் அதற்கு அப்பாலுள்ள செந்நிறக் கீழ்க்கதிரும் உடலை ஓரளவு ஊடுருவும். நனோக்குழாய்கள் ஒளிர்வதோ அந்தக் கீழ்க்கதிரிலேதான். சாயப் பொருள்கள் பலவற்றைப்போல் அவை விரைவில் மங்குவதுமில்லை. ஆகவே உடலைக் கீறாமல் உள்ளே பார்க்கும் சிறு விளக்குகளாக அவற்றைப் பயன்படுத்தலாமா என்று மருத்துவ ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். 2007ஆம் ஆண்டில் றைஸ் பல்கலைக்கழகத்தார் பழ ஈயின் குடம்பிகளுக்கு உணவோடு குழாய்களை ஊட்டி, உயிருள்ள குடம்பியினுள்ளேயே அவை ஒளிர்வதைக் கண்டனர். 2009ஆம் ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார், தோலின் கீழிருந்த கட்டியொன்றின் குருதிக் குழாய்களை எலியின் உடலிற் படமெடுத்தனர்.

அச்சத்துக்கும் இடமுண்டு. நம் வீடுகள் பலவற்றின் கூரைத் தகட்டிலுள்ள அஸ்பெஸ்ரஸ் நார் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதை உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. நீண்டு விறைத்த பலசுவர் நனோக்குழாய்கள் எலிகளின் வயிற்றுக் குழியில் அஸ்பெஸ்ரஸ் போன்ற அழற்சியை உண்டாக்குவதை எடின்பரோ அறிஞர்கள் 2008ஆம் ஆண்டிற் காட்டினர். குறுகிய குழாய்களும் சிக்குண்ட குழாய்களும் அவ்வாறு செய்யவில்லை. 2014ஆம் ஆண்டிற் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பலசுவர்க் குழாயில் ஒருவகையை மாத்திரம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற ஐயப்பட்டியலிற் சேர்த்தது. ஒளியைத் தீர்மானிப்பதும் வடிவமே. நஞ்சைத் தீர்மானிப்பதிலும் வடிவத்துக்குப் பங்குண்டு. எந்தக் குழாய், எவ்வளவு நீளம், எப்படி உடலை விட்டு நீங்கும் என்பவற்றை ஆராய்ந்து தெளிந்த பின்னரே அவற்றை மனிதரின் உடலினுள் இடுதல் முறையாகும்.

மீண்டும் வகுப்பறையில்

சில வாரங்களின் பின் ஒரு காலைப்பொழுதில் வீட்டிலிருந்த சிறிய புற்பாயொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். பிள்ளைகள் வியப்போடு பார்த்தனர். “பதினைந்து ஆண்டுகளாக நான் எழுதிவந்த வாக்கியம் அரைகுறையானது. அதைக் கேட்டவனை நான் இருத்தியது பிழை” என்று முதலிற் சொன்னேன். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

பின்வரிசை மாணவனை முன்னே அழைத்துப் பாயை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை நேராகச் சுருட்டிக் காட்டினான். பின்னர் சரித்துச் சுருட்டிக் காட்டினான். கற்றையையும், சவர்க்காரத்தையும், நிறம் நிறமான நீரையும், இராமனின் விளைவையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். பாடவேளை முடிந்து மணியடித்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

ஈற்றிற் கரும்பலகையில் இவ்வாறு எழுதினேன்: “கரி ஒளியை விழுங்கும். அதன் அணுக்கள் சுருண்டு குழாயாகி, அக்குழாய் தன் கூட்டத்திலிருந்து பிரிந்து தனித்து நிற்குமாயின், அது தன் வடிவத்துக்கேற்ற ஒளியைத் திருப்பித் தரும்.”

எல்லோரும் கொப்பியில் எழுதத் தொடங்கினர். அந்த மாணவன் மாத்திரம் பேனையைக் கையிற் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“பரீட்சைக்கு வருமா, சேர்?”

அவன் கண்களிற் குறும்பு தெரிந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

“வராது. நீ எழுதிக்கொள்.”